மெய் அட்டவணையில் ஒரே ஒரு வரிசை

வணக்கம். ஒரு வாதம் சரியா தவறா என்று குரலை உயர்த்தாமல் தீர்த்துவைக்கும் கருவி மெய் அட்டவணை. கூற்றுகள் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் வரிசைக்கு ஒன்றாக எழுதிப் பார்ப்பதுதான் அது. இன்று நாம் போடும் வடிவில் அதை 1921-இல் தர்க்கவியலாளர் எமில் போஸ்டும் தத்துவவாதி விட்கன்ஸ்டைனும் தனித்தனியே வெளியிட்டார்கள்.

முதல் வேலை, வரிசைகளை எண்ணுவது. வெவ்வேறு தனிக்கூற்றுகள் (ஓர் எழுத்தால் குறிக்கும், மேலும் பிரிக்காத கூற்றுகள்) எத்தனை என்று மட்டும் பாருங்கள். ஒரே எழுத்து மூன்று முறை வந்தாலும் ஒன்றுதான். இரண்டுக்கு 4 வரிசை, மூன்றுக்கு 8, நான்குக்கு 16. மூன்று இருந்தால் முதல் நிரலில் நான்கு மெய், நான்கு பொய். அடுத்ததில் இரண்டிரண்டாக. கடைசியில் ஒன்றுவிட்டு ஒன்று. மனம்போன போக்கில் நிரப்பினால் ஒரு வரிசை இருமுறை வரும், இன்னொன்று விட்டுப்போகும். விட்டுப்போனதே விடையை மாற்றுகிற வரிசையாக இருந்துவிடலாம்.

பிறகு உள் அடைப்புக்குறியிலிருந்து வெளியே வாருங்கள்; ஒவ்வோர் இணைப்புக்கும் (¬ 'அல்ல', ∧ 'மற்றும்', → 'எனில்') தனி நிரல். மனக்கணக்காக இரண்டு படிகளைத் தாண்டுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். மறுப்புக் குறி தன்னை ஒட்டியிருப்பதை மட்டுமே மறுக்கும். ¬(க ∧ ச) என்பதை ¬க ∧ ¬ச என்று பிரித்தால், நான்கில் இரண்டு வரிசைகள் தவறாகிவிடும். "காபியா, டீயா?" என்று கேட்டால் ஒன்றைத்தான் சொல்வோம், அட்டவணையின் 'அல்லது' அப்படியல்ல, இரண்டும் மெய்யானாலும் அது மெய்யே.

எல்லாரும் தடுமாறும் இடம் 'எனில்'. "கட்டணம் கட்டினால் நுழைவுச்சீட்டு வரும்" என்று ஓர் அறிவிப்பு. கட்டியது க, சீட்டு வந்தது ச. கட்டியும் சீட்டு வராவிட்டால் மட்டுமே அறிவிப்பு பொய். கட்டாதவருக்கு வந்தாலும் வராவிட்டாலும் அது மீறப்படவில்லை. எனவே க → ச நிரல்: மெ, பொ, மெ, மெ.

இப்போது ஒருவர், "சீட்டு வந்திருக்கிறது, ஆகவே கட்டணம் கட்டியிருக்கிறார்" என்கிறார். ((க → ச) ∧ ச) → க என்று எழுதிப் போட்டுப் பார்ப்போம்.

க | ச | க → ச | (க → ச) ∧ ச | முடிவு
மெ | மெ | மெ | மெ | மெ
மெ | பொ | பொ | பொ | மெ
பொ | மெ | மெ | மெ | பொ
பொ | பொ | மெ | பொ | மெ

மூன்றாம் வரிசையைப் பாருங்கள். கட்டணம் கட்டவில்லை, சீட்டு வந்திருக்கிறது. கட்டண விலக்குப் பெற்றவர் அவர்! வாதம் தவறு என்பதோடு, எந்த ஆளிடம் அது உடைகிறது என்பதையும் அட்டவணை காட்டிவிட்டது. எனக்கு இதன்மேல் உள்ள மதிப்பே இதனால்தான்.

"சீட்டு வரவில்லை, ஆகவே கட்டவில்லை" என்பதற்கு முடிவு நிரல் முழுக்க மெய், அது மெய்மம், அதாவது எந்த வரிசையிலும் பொய்யாகாதது. ஆனால் ஐந்து கூற்றுகள் வந்தால் 32 வரிசை, பத்துக்கு 1024. அப்போது முழு அட்டவணை வேண்டாம், பொய்யாகும் வரிசையை மட்டும் தேடுங்கள். இந்த வாதத்தையே எடுங்கள். 'கட்டவில்லை' என்பது பொய் என்று வைத்தால் க மெய். சீட்டு வரவில்லை என்பது மெய்யாக வேண்டும், ஆகவே ச பொய். க மெய், ச பொய் என்றால் க → ச பொய். அறிவிப்பு மெய்யாக நிற்க வழியில்லை. அப்படியொரு வரிசையே கிடையாது என்பது மூன்றே படிகளில் தெரிந்துவிட்டது.