பழைய ஹிமாலயனும் வீட்டுப் பட்டறையும்

நேயர்களுக்கு வணக்கம். சாகசப் பயணத்திற்கென்று வடிவமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் பழையனவான பிறகு, அவற்றை வீட்டிலேயே பழுது பார்ப்பதைப் பற்றியும் தேவைக்கேற்ப மாற்றியமைப்பதைப் பற்றியும் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். எல்லா வண்டிகளையும் தொட்டுப் பேசுவதைவிட, 2019 முதல் தாம்பரத்தில் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் வண்டியை முன்வைத்துப் பேசுவதே பயன் தரும் என்று கருதுகிறேன். அது ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் ஹிமாலயன் 411.

இந்த வண்டி 2016-இல் கார்புரேட்டருடன் வந்தது. 2017-இல் எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பும், 2018-இல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் சேர்ந்தன. 2023 நவம்பரில் ஹிமாலயன் 450 அறிமுகமான பிறகு இதன் காலம் முடிவுக்கு வந்தது. 411 சிசி ஒற்றை சிலிண்டர், ஏறத்தாழ 24 குதிரைத்திறன், முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 17 அங்குலச் சக்கரம், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம் என்ற இந்த அளவுகளில் வேகத்திற்கான நோக்கம் குறைவு. கரடுமுரடான பாதையில் நிதானமாக நாள் முழுவதும் ஓடுவதற்கான நோக்கமே மிகுதி. அவ்வாறு ஓடிய வண்டிகள் இப்போது இரண்டாவது, மூன்றாவது உரிமையாளர்களின் கைக்கு வந்திருக்கின்றன. அப்படி வாங்குகிறவர் முதல் மாதச் செலவைப் பெரும்பாலும் கூடுதல் விளக்கு, உயரமான கைப்பிடி, இரும்புப் பெட்டிகள் ஆகியவற்றில் போடுகிறார். அந்தப் பணத்தை முதலில் பேரிங்குகளிலும், பிரேக் திரவத்திலும், மின்கம்பி இணைப்புகளிலும் போட வேண்டும் என்பதே நான் இன்று வலியுறுத்த விரும்புவது. நாம் மாற்றியமைக்க விரும்பும் பல குறைகள் தேய்மானத்தால் வந்தவையே. தேய்ந்ததைச் சரி செய்தவுடன் மாற்றத்திற்கான தேவையே பல நேரங்களில் இல்லாமல் போய்விடும்.

நான் இதை உணர்ந்துகொண்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2021-இல் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவும் முடிந்து கைப்பிடி நேராகும் இடத்தில், யாரோ மெல்லப் பிடித்துக்கொண்டு விடுவதைப் போல இருந்தது. முதலில் டயரைச் சந்தேகித்தேன். பாதி ஆயுள் மிச்சமிருந்த முன் டயரை மாற்றினேன். பிறகு கைப்பிடியை உயர்த்தினேன். இரண்டாலும் பயன் இல்லை. மூன்றாவது முயற்சியாகத்தான் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கினேன். இரு விரல்களால் கைப்பிடியை இடமும் வலமும் திருப்பியபோது, சரியாக நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவதைக் கையால் உணர முடிந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் இரு கால்களான ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டியபோது 'டொக்' என்ற மெல்லிய சத்தமும் வந்தது. கைப்பிடித் தண்டு திரும்ப உதவும் பேரிங்கான கோன்செட் போயிருந்தது.

காரணமும் என்னிடமே இருந்தது. ஒவ்வொரு வாரமும் வாட்டர் சர்வீஸில் விட்டு, அழுத்தமான நீரைக் கைப்பிடித் தண்டின் மேல் நேராக அடிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியவன் நான். கிரீஸ் கரைந்து, ஈரம் தங்கி, குண்டுகள் ஓடும் தடத்தில் துரு பிடித்து, நேராக ஓடும்போது விழும் அதிர்ச்சிகள் அனைத்தும் ஒரே இடத்தில் பள்ளம் போட்டுவிட்டன.

இதை வீட்டில் மாற்றலாம். ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். முன்சக்கரம், ஃபோர்க், அதன் மேல்முனைகளைப் பிணைக்கும் டி-பிளேட் ஆகியவற்றைக் கழற்றிய பிறகு, சட்டகத்தின் கழுத்துக்குள் இறுகியிருக்கும் பழைய வளையங்களை நீண்ட இரும்புக் கம்பியால் தட்டி இறக்க வேண்டும். ஒரே பக்கம் தட்டினால் வளையம் சாய்ந்து, அது பொருந்தியிருக்கும் கழுத்தின் உட்புறத்தைக் கீறிவிடும் என்பதால், இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். புதிய வளையத்தை முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைத்துவிட்டால் அது நூலளவு சுருங்கி எளிதாக இறங்கும். பழைய வளையத்தின் வெளிப்புறத்தைச் சிறிது தேய்த்து, அதையே புதியதன் மேல் வைத்துத் தட்டினால் சுத்தியல் அடி புதிய தடத்தில் படாது. குண்டு வகைக்குப் பதிலாகக் கூம்பு உருளை பேரிங் போடுகிறவர்கள் உண்டு. குண்டு ஒரு புள்ளியில் தொடும், உருளை ஒரு கோடாகத் தொடும்; அதனால் சுமை பரவுகிறது, பள்ளம் விழ நெடுங்காலம் பிடிக்கிறது. நான் முழு மனத்துடன் ஆதரிக்கும் மாற்றம் இதுவே.

பொறுமை தேவைப்படும் இடம் இறுக்கும் கட்டம். முதலில் சற்று அழுத்தமாக இறுக்கி, கைப்பிடியை இருபுறமும் பலமுறை திருப்பிப் பேரிங்கை அமர வைத்து, பிறகு நட்டை முற்றிலும் தளர்த்தி, ஆட்டம் மறையும் அளவுக்கு மட்டும் மீண்டும் இறுக்க வேண்டும். முன்சக்கரம் தூக்கிய நிலையில், நடுவிலிருந்து லேசாகத் தள்ளினால் கைப்பிடி தன் எடையிலேயே ஓரம் வரை போய் விழ வேண்டும். அது பாதியில் நின்றால் இறுக்கம் அதிகம். அந்த வண்டி நேர்ச்சாலையில் மெல்ல மெல்ல அலையும்.

ஸ்போக் சக்கரத்தில் கோட்டம் எடுப்பது சைக்கிள் கடைகளில் பிறந்த கலை. ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். சரியாக இறுகியது கணீரென்று ஒலிக்கும்; தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். தளர்ந்ததை இறுக்கும்போது ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது.

பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிப் பெரிய டிஸ்க் தேடுகிறவர்களைப் பார்க்கிறேன். டாட் 4 வகை பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலைக்கான குறைந்தபட்ச வரையறை 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அது 155 டிகிரி. நீண்ட மலை இறக்கத்தில், டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் சூடேறும்போது, ஈரம் ஏறிய திரவம் கொதித்துக் குமிழிகள் உண்டாகி, பிரேக் நெம்புகோல் பஞ்சுபோல அமுங்கிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திரவத்தை முழுவதும் மாற்றிக் காற்றை வெளியேற்றினால், பெரிய டிஸ்க் வாங்கும் எண்ணமே எழாது. இத்திரவம் பெயிண்டை அரித்துவிடும். டேங்கின் மேல் ஈரத்துணி போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

டேப்பட் செட்டிங், அதாவது எஞ்சின் வால்வுகளுக்கும் அவற்றை அழுத்தும் பாகத்திற்கும் நடுவே விடும் சிறு இடைவெளியைச் சரி செய்வது பற்றி ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. சத்தம் கேட்கிறது என்று சொல்லி டேப்பட்டை இறுக்கிக்கொண்டே போகிறார்கள். இடைவெளி சற்றுக் கூடினால் சத்தம் வரும், தேய்மானமும் கூடும். ஆனால் இடைவெளியே இல்லாமல் போனால், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது, வெப்பத்தை இறக்கி வைக்க இடமின்றிக் கருகிவிடும். அமைதியாக ஓடும் எஞ்சினே இங்கு ஆபத்தில் இருக்கக்கூடும். எஞ்சின் இரவு முழுவதும் குளிர்ந்த பிறகு, அழுத்த வீச்சின் முடிவில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, கையேட்டில் உங்கள் ஆண்டு மாடலுக்குக் கொடுத்துள்ள அளவை, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

இனி மாற்றங்களுக்கு வருகிறேன். முகப்பு விளக்கு மங்கல் என்றால், முதலில் ஒரு மல்டிமீட்டரை எடுத்து, விளக்கு எரியும்போது பேட்டரி முனையிலும் பல்பின் சாக்கெட்டிலும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். சாக்கெட்டில் குறைவாக இருந்தால் நடுவிலுள்ள இணைப்புகளில் இழப்பாகிறது என்று பொருள். ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்துவிடும். பச்சைப் பாசிபோல் படிந்த எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்வதிலேயே பாதி வெளிச்சக் குறை தீர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். ஹாலஜனுக்காக வடிவமைத்த பிரதிபலிப்பானில் எல்இடி பல்பைச் செருகுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஒளி சிதறி எதிரே வருகிறவரின் கண்ணில்தான் பாய்கிறது. தனியாக இரண்டு 20 வாட் விளக்குகள் பொருத்தினால், 12 வோல்ட்டில் அவை இழுக்கும் மின்னோட்டம் 3.3 ஆம்பியர் அளவில் இருக்கும். பேட்டரியிலிருந்து நேரடியாக 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேவுக்குக் கம்பி இழுத்து, சாவி போட்டால் மட்டும் ரிலே வேலை செய்யும்படி இணையுங்கள்.

கைப்பிடியை 30 மில்லிமீட்டர் உயர்த்துவதற்கு முன், கிளச் கேபிளும் பிரேக் குழாயும் அந்த அளவுக்கு இடம் கொடுக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு இரு ஓரங்களுக்கும் திருப்பும்போது அதன் வேகம் தானாகக் கூடினால், ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். செயினை இழுக்கும் பற்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் 15 பற்களுக்குப் பதில் 14 பற்கள் போட்டால், அதே வேகத்திற்கு எஞ்சின் 7 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். ஏற்றத்தில் உதவும், நெடுஞ்சாலையில் அலுப்பூட்டும்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. எஞ்சினையும் சட்டகத்தையும் தொடாமல் இருப்பது நல்லது.

பாகங்களைத் தேடி நம்மில் பலர் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் போகிறோம். டேங்க் மூடி, கால்மிதி, பக்கப் பலகை போன்றவற்றை அங்கே பழையதாக வாங்குவதில் தவறில்லை. பேரிங், பிரேக் பாகங்கள், ஸ்போக், ரப்பர் சீல் ஆகியவற்றை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பழையதாக வாங்காதீர்கள்.

வேலை முடிந்த அன்றே நெடும்பயணம் கிளம்ப வேண்டாம். கழற்றிய ஒவ்வொரு நட்டையும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்கி, அதன் மேல் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். வீட்டைச் சுற்றி 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, கோடுகள் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியை மறுபடியும் இரு விரல்களால் திருப்பிப் பாருங்கள். புதிய பேரிங் அமரும்போது சிறிது ஆட்டம் வருவது இயல்பு. அந்த ஆட்டத்தை அப்போதே எடுத்துவிட்டால், அடுத்த நாள் மலை ஏறலாம். வணக்கம்.