யார், யாரிடம் சொல்கிறார்? காதல், குடும்பக் கவிதைகளை வாசிக்கும் ஒரு வழி

வணக்கம் நண்பர்களே. காதலையும் குடும்பத்தையும் பாடும் இன்றைய கவிதைகளில் என்னென்ன உத்திகள் இயங்குகின்றன என்பதைப் பற்றி இந்தக் காணொளியில் பேசப் போகிறேன். கவிதையைக் கையில் எடுத்தவுடன் உவமை எங்கே, உருவகம் எங்கே, படிமம் எங்கே என்று பென்சிலால் அடிக்கோடிட்டுக்கொண்டு போவது நம்மில் பலருக்கும் பள்ளிக் காலத்திலிருந்தே வந்த பழக்கம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் காதல் கவிதையானாலும் குடும்பக் கவிதையானாலும், அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்கிறார்?

இது நமக்குப் புதிய கேள்வியன்று. தொல்காப்பியத்தின் செய்யுளியல், செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. எழுத்து, அசை, சீர், அடி ஆகியவற்றோடு கூற்று, கேட்போர், களம், காலம், எச்சம் ஆகியவற்றையும் அந்த வரிசையிலேயே வைத்து எண்ணுகிறது. கவிதைக்குள் நின்று கேட்கும் ஆளையும், சொல்லாமல் விடப்பட்டதையும் செய்யுளின் உறுப்புகள் என்று கருதிய அந்தப் பார்வை, ஒவ்வொரு முறை படிக்கும்போதும் என்னை வியக்க வைக்கிறது.

நம் எல்லோருக்கும் தெரிந்த குறுந்தொகை 40ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். 'செம்புலப் பெயல்நீர் போல', அதாவது செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல என்ற உவமையின் சிறப்பால் பாடியவருக்கே செம்புலப்பெயனீரார் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் ஐந்தடிப் பாடலில் அந்த உவமை நான்காம் அடியில்தான் வருகிறது. முதல் இரண்டு அடிகளும் குடும்பத்தைப் பற்றியவை: 'யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்.' யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. இவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று தலைவன் கேட்கிறான். 'என்', 'உன்' என்ற பிரிவு உறவுச்சொல்லுக்குள்ளேயே பிணைந்து கிடக்கிறது. மூன்றாம் அடியில் அது 'யானும் நீயும்' என்று சுருங்கி, நாம் ஒருவரையொருவர் எப்படி அறிந்தோம் என்ற கேள்வியாகிறது. கடைசி அடியில் 'அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே' என்று அவன் முடிக்கும்போது, என் நெஞ்சம் என்றோ உன் நெஞ்சம் என்றோ எதுவும் மிஞ்சவில்லை. வினைமுற்று பன்மையில் இருக்கிறது. 'நெஞ்சம்' என்ற சொல்லிலோ பன்மை விகுதிகூடக் கிடையாது. மூன்று அடிகளில் பிரித்துக் காட்டிய இருவரை, இலக்கணத்தைக் கொண்டே பாடல் சேர்த்துவிடுகிறது. உவமையை மட்டும் அடிக்கோடிட்டுவிட்டு நகர்ந்தால் இந்த வேலை நம் கண்ணில் படாமலே போய்விடும்.

இதில் கேட்பவர் யார் என்பதையும் பாருங்கள். இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியின் குறிப்பை உணர்ந்து தலைவன் சொன்னது என்று, பாடலின் சூழலைச் சொல்லும் பழைய துறைக்குறிப்பு கூறுகிறது. அஞ்சி நிற்கும் ஒருத்தியிடம் சொல்லப்படுவது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால், அந்த மூன்று கேள்விகளும், அவள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கியவற்றை அவனே முந்திக்கொண்டு கேட்பது போல ஒலிக்கின்றன.

புதுக்கவிதைக்கு வருவோம். 1934இல் மணிக்கொடி இதழில் வெளிவந்த ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' என்ற கவிதையைத்தான் தமிழ்ப் புதுக்கவிதையின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுவார்கள். யாப்பின் ஓசையை விட்டுவிட்ட கவிதைக்கு, பேச்சின் நெருக்கமும் விலகலும், அடியை உடைக்கும் இடமும் பெரிய துணையாக அமைந்தன. இந்த இரண்டிலும் தமிழ் கொடுக்கும் வசதி மிகப் பெரியது. ஒரு பெண் கவிதை முழுவதும் கணவனை 'அவர்' என்று சொல்லிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் மட்டும் 'நீ' என்று திரும்பினால், அந்தத் திருப்பத்துக்கு விளக்கமே வேண்டியதில்லை. 'வந்துவிட்டாயா' என்ற ஒற்றைச் சொல்லை ஓர் அடியாக நிறுத்தினால், சொல்பவர் பெயரும் இல்லை, கேட்பவர் பெயரும் இல்லை. விகுதியில் மட்டும் உரிமை இருக்கிறது. அழைப்பது தாயா, காதலியா என்பதைக் கவிஞர் விரும்பும்வரை திறக்காமலே வைத்திருக்கலாம்.

காதலும் குடும்பமும் ஒரே கவிதைக்குள் சந்திக்கும் இடத்துக்கு எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, அமெரிக்கக் கவிஞர் லீ-யங் லீயின் 'தி கிஃப்ட்'. 1986இல் வந்த 'ரோஸ்' தொகுப்பில் உள்ள கவிதை இது. ஏழு வயதுச் சிறுவனின் உள்ளங்கையில் தைத்த உலோகச் சிராயைத் தந்தை எடுக்கிறார். வலி தெரியாமலிருக்கத் தணிந்த குரலில் ஒரு கதை சொல்கிறார். கதை மறந்துவிட்டது, குரல் மறக்கவில்லை என்கிறான் மகன். பிறகு கவிதை சட்டென்று நம் பக்கம் திரும்பி, அன்று நீங்கள் உள்ளே வந்திருந்தால் இன்னது கண்டிருப்பீர்கள், அந்தச் சிறுவனைப் பின்தொடர்ந்திருந்தால் இங்கே வந்து சேர்ந்திருப்பீர்கள் என்று பேசுகிறது. 'இங்கே' என்பது, அவன் தன் மனைவியின் வலக்கை மேல் குனிந்திருக்கும் இடம். அவள் விரலிலிருந்தும் ஒரு சிராயை எடுக்க வேண்டியிருக்கிறது. தந்தையின் காட்சி இறந்த காலத்தில், மனைவியின் காட்சி நிகழ்காலத்தில். மனைவியை நேசிக்கிறேன் என்று சொல்லும் அடி ஒன்றுகூடக் கவிதையில் கிடையாது. தந்தையின் கைப்பக்குவம் மகனின் கைக்கு வந்திருப்பதை நாம் பார்க்கிறோம், அவ்வளவுதான். சொல்லாலும் குறிப்பாலும் முடிவு கொள்ளும் எச்சம் என்ற உறுப்பை, இந்தக் கவிதையை வைத்தே ஒருவருக்கு விளக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடியை உடைப்பது பற்றிப் பேச, நானே எழுதிய சில வரிகளை எடுத்துக்கொள்கிறேன். திரையில் தெரிவதை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

மருத்துவமனைப் படிவத்தில்
உறவு முறை என்ற கட்டத்தில்
மகன் என்று எழுதினேன்.
அப்பா
கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு
இரண்டு முறை
படித்தார்.

முதல் மூன்று அடிகளின் மொழி அலுவலக மொழி. படிவம், கட்டம், உறவு முறை எல்லாமே உணர்ச்சி ஏறாத சொற்கள். நான் வேண்டுமென்றேதான் அவற்றைத் தேர்ந்தேன். நான்காம் அடியில் 'அப்பா' என்ற வீட்டுச் சொல் தனியாக நிற்கிறது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் கண்ணாடி மாற்றும் செயல் நுழைந்து, தமிழ் வாக்கியத்தின் வினையைக் கடைசி வரை தள்ளி வைக்கிறது. அவர் என்ன செய்தார் என்பதற்காக நாம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. 'முறை' இரண்டு இடங்களில் வருகிறது. முதலில் அது உறவு, பிறகு அது தடவை. எழுதும்போது இதை நான் திட்டமிடவில்லை. 'எம்முறைக் கேளிர்' பல ஆண்டுகளாக என் காதில் ஒலித்துக்கொண்டிருந்ததால் வந்து சேர்ந்தது என்றே நினைக்கிறேன்.

இந்த வரிகளின் முதல் வரைவில் இன்னும் ஓர் அடி இருந்தது: 'அன்றுதான் நான் மறுபடி பிறந்தேன்.' எழுதிய இரவில் அந்த அடிதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மறுநாள் வாசித்தபோது, மகன் தன் தந்தையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாசகரை நோக்கிப் பேசத் தொடங்கிவிட்டான் என்பது புரிந்தது. கேட்பவர் மாறியவுடன் குரலும் கெட்டுப்போயிருந்தது. அந்த அடியை நீக்கிவிட்டேன்.

இன்னும் தீராத ஐயம் ஒன்று இருக்கிறது. 'இரண்டு முறை படித்தார்' என்று ஒரே அடியாக எழுதினால் அது ஒரு தகவலாக விரைந்து முடிந்துவிடுகிறது. இரண்டாக உடைத்தால், 'முறை'க்குப் பின் ஒரு மூச்சு நிற்கிறது. அந்த நிறுத்தம் தேவையா, அல்லது நான் வலிந்து செய்வதாகத் தெரிகிறதா? இரண்டு வடிவங்களையும் வாசித்துப் பார்த்து, அவர் அந்தக் கட்டத்திலிருந்து கண்ணை எடுக்கத் தாமதிப்பது எதில் உங்களுக்குத் தெரிகிறது என்று சொல்லுங்கள்.