ஒருசந்திக்காரி பேத்தி பேசுகிறேன்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, திருவிழாப் பந்தலில் கூடியிருக்கும் தங்கச்சிமடத்து மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'விசுவாசத்தை உறுதிப்படுத்துவது செபமும் நோன்புமா, தொண்டா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் தொண்டு அணிக்கு எசாயா இறைவாக்கினரையே ஆள் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டார். நோன்பு நாளிலும் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறவர்களை எசாயா திட்டுகிறார், பசித்தவரோடு உணவைப் பகிர்வதே நோன்பு என்கிறார், 58-ஆம் அதிகாரம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோன்பை விட்டுவிடு என்று அவர் எங்கே சொன்னார் அண்ணே? வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு கையை இறுக மூடிக்கொள்கிறாயே என்றுதான் திட்டினார். கை திறப்பதற்கு வயிறு காய்வது எப்படி உதவுகிறது என்று எங்கள் அப்பத்தாவை வைத்துச் சொல்கிறேன்.

பாஸ்கா என்னும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நோன்புக் காலம்தான் தவக்காலம். அதில் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். இறைச்சி கூடாது, மீன் சாப்பிடலாம். இது மதுரைக்காரருக்குக் கஷ்டம். நமக்கு? சூடைக் குழம்பும் நெத்திலி வறுவலுமாக நோன்பைக் கொண்டாடியே தீர்த்துவிடலாம்! அப்பத்தா கேட்பார்: "என்னைக்கோ ஒரு நாள் திங்கிற கறியை விட்டா அது நோன்பாடி?" சாம்பல் புதன் தொடங்கி பாஸ்கா வரை அவர் மீனைத் தொட மாட்டார். தொட மாட்டார் என்றால் வாயில் வைக்க மாட்டார் என்று அர்த்தம். தாத்தா கொண்டுவரும் மீனை அவர்தான் அறுப்பார், அலசுவார், புளி கரைத்துக் குழம்பு வைப்பார். உப்பு பார்க்க மட்டும் என்னைக் கூப்பிடுவார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். எங்களுக்கு ஊற்றிவிட்டு, தன் தட்டில் சோறும் தேங்காய்த் துவையலும் வைத்துக்கொள்வார்.

அதுவும் மதியம் ஒரு வேளைதான். ஒருசந்தி. ராத்திரிச் சோற்றுக்கு உலை வைக்கும்போது, தன் பங்கு அரிசியை அளந்து தனியாக ஒரு பானையில் போடுவார். குருத்தோலை ஞாயிறு வருவதற்குள் பானை நிறைந்துவிடும். அது எந்த வீட்டுக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணே, நீங்கள் சொல்கிற தொண்டு அந்தப் பானைக்குள் இருந்தது. பானை நிறைந்தது ஒருசந்தியால்.

அடுத்தது, எங்கள் சித்தப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம். அந்த வருடம் அப்பத்தாவால் யாருக்கும் ஒரு தொண்டும் செய்ய முடியவில்லை. ஊர்தான் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தது. ஆனால் சாயங்காலச் செபமாலை ஒரு நாளும் நிற்கவில்லை. 'அருள் நிறைந்த மரியே' பாதியில் அப்பத்தாவின் குரல் அறுந்துவிடும், மீதியை அத்தை சொல்லி முடிப்பார். செபம் சித்தப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்ததா என்று கேட்டால், இல்லை. அவர் வரவில்லை. நான் கேட்பது வேறு. தொண்டுதான் விசுவாசத்தைத் தாங்கும் என்றால், கை ஓய்ந்துபோனவர்களின் விசுவாசம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? படுக்கையில் கிடப்பவர், மகனைப் பறிகொடுத்தவர், இவர்களுக்கு உங்கள் அணி என்ன சொல்லப்போகிறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில். அந்த நாளில் நம் ஆட்கள் சும்மாவா இருக்கிறார்கள்? படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி, விரிசல் பார்த்து, வண்ணம் அடிக்கிறார்கள். படகு மிதக்கும்போது அடிப்பலகை யார் கண்ணுக்கும் தெரியாது. தவக்காலம் நமக்கு அப்படி ஒரு கரையேற்றம். உள்ளே என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று பசிக்கும்போதுதான் தெரிகிறது. எனக்கெல்லாம் பதினொரு மணிக்கே தெரிந்துவிடும், கோபம்தான் முதலில் வரும்!

மாற்கு நற்செய்தி முதல் அதிகாரத்தைப் பாருங்கள். கப்பர்நாகூமில் சீமோன் வீட்டு வாசலில் ஊரே கூடி நிற்க, இயேசு நோயாளிகளைக் குணமாக்குகிறார். அதைவிடப் பெரிய தொண்டு உண்டா? மறுநாள் விடியுமுன்பே அவர் தனியிடம் போய் செபிக்கிறார். எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீமோன் பின்னாலேயே ஓடுகிறார். தொண்டு மட்டும் போதும் என்றால், அந்த இருட்டில் அவருக்கு அங்கே என்ன வேலை?

நம் ஓரியூருக்கு வருகிறேன். போர்த்துகலிலிருந்து வந்த குரு அருளானந்தர். 1686-இல் இந்த மறவர் சீமையில், அதாவது நம் ராமநாதபுரம் பக்கத்தில், சிறைப்பட்டு, அடிபட்டு, இனி இங்கே கால் வைக்காதே என்று விரட்டப்பட்டவர். லிஸ்பனுக்குப் போனார். அங்கே அரசரே தங்கிவிடச் சொன்னார். இருந்திருக்கலாமே? காவி உடுத்தி, இறைச்சியை விட்டு, பண்டாரசுவாமி என்னும் துறவியாகச் சோறும் காய்கறியும் உண்டு வாழ்ந்த அதே வாழ்க்கைக்குத் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அந்த நாள் என்ன கிழமை தெரியுமா? புதன். அந்த வருடம் பாஸ்கா மார்ச் 22. பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், சாம்பல் புதன் வருகிறது. நோன்பின் முதல் நாள்! ஓரியூர்ச் செம்மண்ணை முடிந்துகொண்டு வருகிறோமே, அதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே ஒரு நிமிடம். தொண்டு அணிக்காக வாதாடிய இதே அண்ணன்தான் புனித வெள்ளியன்று கோயில் வாசலில் கஞ்சி ஊற்றுகிறவர். கடைசி ஆள் குடித்து, அண்டா கழுவிக் கவிழ்க்கும்வரை அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படுவதில்லை. வருடா வருடம் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். கையில் அகப்பை, எதிரே அண்டா நிறையக் கஞ்சி. ஏன் அண்ணே குடிப்பதில்லை? எனக்குச் சொல்ல வேண்டாம், நடுவரிடம் சொல்லுங்கள்.