கோலாலம்பூரில் ஒரு பகல்

வணக்கம், அன்பான நேயர்களே.

அவுஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம்மவர்கள் பலர் கோலாலம்பூரில்தான் விமானம் மாறுகிறார்கள். முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு வியட்நாம், கம்போடியா என்று புறப்படும் இளம் பிள்ளைகளுக்கும் அதுவே வழி. அடுத்த விமானத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் இருக்கும். சிலருக்கு மறுநாள்தான் விமானம். அவ்வளவு நேரத்தையும் விமான நிலைய நாற்காலியில் நித்திரை கொண்டு கழித்துவிட்டு வருகிறோம். எனக்கு இது பெரிய மனக்குறை. நம் பூட்டன்மார் உழைத்துப் பணம் அனுப்பிய ஊர் அது. அதை எட்டிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போவதா?

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர் நகரத்துக்குள் போக விசா வேண்டும். இணையத்திலேயே இ-விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்; புறப்படும் நாள் வரை வைத்திருக்காதீர்கள். டிஜிட்டல் வருகை அட்டை என்று ஒன்றும் உண்டு. அதை அங்கே போய்ச் சேருவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். விமானச் சீட்டுகளைத் தனித்தனியாக வாங்கியிருந்தால் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டி வரும். அதனால்தான் கையில் ஒரு சிறிய பையோடு மட்டும் போவது நல்லது என்று சொல்கிறேன்.

விமான நிலையம் நகரத்தில் இல்லை, செப்பாங்கில் இருக்கிறது. அங்கிருந்து விரைவு ரயில் அரை மணித்தியாலத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறக்கிவிடும். கட்டணம் 55 ரிங்கிட். பஸ் அதைவிட நல்ல மலிவு, ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். சென்ட்ரலில் பை வைக்கும் பெட்டகங்கள் உண்டு. பையை வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

வெளியே வந்து நிற்கிற இடம் பிரிக்பீல்ட்ஸ். சென்ட்ரல் நிலையம் எழும்பியிருக்கும் நிலம் முன்னர் ரயில் யார்டாக இருந்தது. சுற்றிவர ரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகள். அவற்றில் நம்மவர் நிறையப் பேர். பழைய வீடுகளில் பெரும்பாலானவை இடிபட்டு மாடிக் கட்டடங்களாகிவிட்டன.

நம்மவர் ஏன் அங்கே போனார்கள்? மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கில் இருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்தப் பாதையைப் போட இலங்கையில் இருந்து பயோனியர் படை என்ற தொழிலாளர் படையினரைக் கொண்டுபோனார்கள். பாதை நீள நீள, ஆங்கிலம் தெரிந்த லிகிதர்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்த பெடியன்கள் ஏராளம், உத்தியோகமோ குறைவு. கப்பல் ஏறினார்கள். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே நமக்கு முதல் ரயில் ஓடியது 1902இல். கொழும்போடு பாதை இணைந்தது 1905இல். அதாவது, ஊருக்கு ரயில் வருவதற்கு முன்பே நம்மவர்கள் மலாயாவில் ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டத் தொடங்கிவிட்டார்கள்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். இங்கே கல்வீடு கட்டி, கிணறு வெட்டி, பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்த ‘மலாயா பென்சனியர்’மாரின் காசு அந்தத் தண்டவாளத்தில் வந்ததுதான்.

சென்ட்ரலில் இருந்து சிறிது நடந்தால் விவேகானந்த ஆச்சிரமம், 1904இல் நம்மவர்கள் தொடங்கியது. அங்கிருந்து ஸ்கொட் வீதிப் பக்கம் போனால் கந்தசுவாமி கோயில். நல்லூரை மனதில் வைத்து இலங்கைத் தமிழர் எழுப்பிய கோயில் அது. உள்ளே போனதும் அந்த ஒழுங்கும் துப்புரவும் சட்டென்று ஊரை நினைவூட்டும்.

நான் போனபோது வீதியில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் என் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தார். “தம்பி, ஊரிலே எவ்விடம்?”

“சுன்னாகம், அம்மா.”

“அப்பா மானிப்பாய். இங்கே ரயில்வேயிலே கிளாக்கர். நான் பிறந்தது இங்கேதான், ஊரைக் கண்டதில்லை.” பூவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “மருதடிப் பிள்ளையாருக்கு வருஷப்பிறப்பன்றுதானே தேர்? இப்பவும் இழுக்கிறார்களோ?”

இழுக்கிறார்கள் அம்மா என்றேன். தேர் எந்தப் பக்கத்தால் திரும்பும், வெயில் எப்படி இருக்கும், தண்ணீர்ப் பந்தல் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கண்ணால் காணாத தேரை அவர் அப்பாவின் வாய்ச்சொல்லால் அவ்வளவு நுணுக்கமாக வைத்திருந்தார். அங்கிருந்து எழும்பவே எனக்கு மனம் வரவில்லை.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சோறு கிடைக்கும். ‘மாமாக்’ என்று சொல்லும் தமிழ் முஸ்லிம்களின் கடைகள் இரவு பகலாகத் திறந்திருக்கும். அங்கே ‘ரொட்டி சானாய்’ என்ற பரோட்டாவும் ‘தே தாரிக்’ என்ற இழுத்த தேநீரும் கிடைக்கும். இரண்டு குவளைகளுக்கு இடையே தேநீரை ஒரு முழத்துக்கு மேல் இழுத்து இழுத்து ஊற்றுவார்கள். நுரை மேலே தடித்து நிற்கும். கட்டிப்பால் தாராளமாக விடுவதால், சீனி வருத்தம் உள்ளவர்கள் ‘குராங் மானிஸ்’ என்று சொல்லுங்கள், இனிப்பைக் குறைப்பார்கள். நம் பிளேன்ரீ வேண்டுமென்றால் ‘தே ஓ’.

அப்புறம் மறுபடி சென்ட்ரலுக்கு வந்து, முருகனின் குகைக் கோயில் இருக்கும் பத்துமலைக்குச் செல்லும் கொம்யூட்டர் ரயிலில் ஏறுங்கள். அடுத்த நிறுத்தம் பழைய கோலாலம்பூர் நிலையம். இறங்கத் தவறாதீர்கள். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஆர்தர் பெனிசன் ஹபக் வரைந்து 1910இல் கட்டி முடித்த வெள்ளை மாளிகை அது. கோபுரமும் குமிழியும் லாட வடிவ வளைவுகளுமாக நிற்கும். மேடையில் நின்று மேலே இரும்புக் கூரையைப் பாருங்கள். பெரிய ரயில்கள் சென்ட்ரலுக்குப் போய்விட்டதால் கூட்டம் இல்லை, ஆறுதலாக நிற்கலாம்.

அடுத்த ரயிலில் பத்துமலை. 272 படிகள். அடியில் 2006இல் திறந்த 42.7 மீற்றர் முருகன் சிலை. காலையில் வந்திறங்குகிறவர்கள் முதலில் இங்கே வந்து ஏறிவிட்டால் நல்லது. பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவது அங்கே வழக்கம். குரங்குகள் கையில் இருப்பதைப் பறிக்கும், பழப் பையை வெளியே காட்டாதீர்கள்.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். 452 மீற்றர், 88 மாடி. சென்ட்ரலில் இருந்து எல்.ஆர்.டி. என்ற நகர ரயிலில் ஐந்தாவது நிலையம். நேரம் மிஞ்சினால் போங்கள், மிஞ்சாவிட்டால் விடுங்கள். திரும்பும்போது உங்கள் விமானம் முதலாம் முனையத்திலா இரண்டாம் முனையத்திலா என்று பார்த்து அதற்குரிய நிறுத்தத்தில் இறங்குங்கள்.

இன்னொரு வேண்டுகோள். புறப்படுவதற்கு முன் வீட்டு அலுமாரியைத் திறந்து, மலாயாக் காலத்துக் கடிதமோ படமோ இருந்தால் அதில் உள்ள முகவரியைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தெருப்பெயர்கள் மாறிவிட்டன. பிரிக்பீல்ட்ஸ் ரோட் என்றிருந்தால் அது இன்றைய ஜாலான் துன் சம்பந்தன். ஸ்கொட் ரோட் என்றால் ஜாலான் ஸ்கொட். ஹை ஸ்ட்ரீட் என்றால் மகா மாரியம்மன் கோயில் இருக்கும் ஜாலான் துன் எச்.எஸ்.லீ. மூன்றுக்கும் சென்ட்ரலில் இருந்து நடந்தே போகலாம்.

நன்றி, வணக்கம்.