எல்லைக் கோட்டைக்கு யார் காவல்?

நடுவர் அவர்களே, வணக்கம். அமெரிக்கா விடுதலை பெற்ற புதிதில், 1784-இல், கனடா எல்லையோரமிருந்த நயாகரா, ஆஸ்விகோ கோட்டைகளில் காவல்படை நிறுத்தும் உரிமை நியூயார்க் மாநிலத்துக்குத்தான், மாநிலங்களின் பொது அவையான காங்கிரஸுக்கு இல்லை என்று எதிரணித் தலைவர் முழங்கினார். அன்றைய அரசமைப்பான கூட்டமைப்பு விதிகளின் 6-ஆம் பிரிவையும் துணைக்கு இழுத்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டாரே! சமாதான காலத்தில் கோட்டைக் காவலுக்கு மாநிலம் படை வைக்கலாம், சரி. எத்தனை பேர் என்று முடிவுசெய்வது யார்? காங்கிரஸ் என்கிறது அதே வாக்கியம்.

"காங்கிரஸிடம் படை எங்கே?" என்றார். நியாயமான கேள்வி. 1784 ஜூன் 2 அன்று படையைக் கலைத்தபின் மிஞ்சிய சிப்பாய்கள் பிட் கோட்டையில் 25, வெஸ்ட் பாயிண்டில் 55. மறுநாளே 700 பேரை ஓராண்டுக்குத் திரட்டக் காங்கிரஸ் தீர்மானித்தது: பென்சில்வேனியா 260, நியூயார்க் 165, கனெக்டிகட் 165, நியூ ஜெர்சி 110. வரி போடவே அதிகாரமில்லாத அவை. கேட்க முடியும், வற்புறுத்த முடியாது. பென்சில்வேனியா ஆள் கொடுத்தது, படை அதிகாரி ஹார்மர் தலைமையேற்றார். நியூயார்க் கொடுத்ததா? இல்லை. தன் பங்கைத் தராமல் இருந்துவிட்டு, "உன்னிடம் ஆளில்லையே" என்பது என்ன வாதம்?

நியூயார்க்கின் மேற்குப் பகுதி எங்களுடையது என்று மாசசூசெட்ஸ் மாநிலமும் அப்போது உரிமை கோரிக்கொண்டிருந்தது. 1786 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்ட் நகரில் செய்த உடன்பாட்டில்தான் அது தீர்ந்தது. அதற்கு முன்பே நியூயார்க் தன் படையை அங்கே இறக்கியிருந்தால் மாசசூசெட்ஸ் அதைக் காவல் என்றா எடுத்துக்கொண்டிருக்கும்? ஆக்கிரமிப்பு என்றிருக்கும்!

இதையெல்லாம் விடுங்கள். அந்தக் கோட்டைகளுக்குள் இருந்தது பிரிட்டிஷ் படை! 1783-இலேயே அமெரிக்கத் தளபதி ஸ்டூபன் போய்க் கேட்டார். கியூபெக்கின் பிரிட்டிஷ் ஆளுநர் ஹால்டிமண்ட் ஒப்படைக்க மறுத்தார். பின்னால் பிரிட்டன் சொன்ன சாக்கு என்ன? போரை முடித்துவைத்த பாரிஸ் ஒப்பந்தத்தை மாநிலங்கள் மீறுகின்றன, எங்கள் வணிகர்களின் கடன் வசூலாகவில்லை, போரில் பிரிட்டன் பக்கம் நின்ற மன்னர் ஆதரவாளர்களை வதைக்கிறீர்கள் என்பதுதான். அந்த மன்னர் ஆதரவாளர்கள்மீது வழக்குத் தொடர 1783-இல் தனிச்சட்டமே போட்டது எந்த மாநிலம்? எதிரணியின் நியூயார்க்! கோட்டை கைக்கு வராததற்கான சாக்கையும் அதுவே எடுத்துக்கொடுத்திருக்கிறது.

1796-இல் இரு கோட்டைகளும் கைமாறின, கூட்டாட்சிப் படையிடம். ஜான் ஜே பிரிட்டனுடன் பேசி முடித்த ஒப்பந்தத்தால் வந்தது அது. அவர் நியூயார்க்காரர்தான், எதிரணி பெருமைப்பட்டுக்கொள்ளட்டும். ஆனால் அவரை லண்டனுக்கு அனுப்பியது நியூயார்க் ஆளுநர் கிளின்டன் அல்ல, குடியரசுத் தலைவர் வாஷிங்டன்!