தாராவியிலிருந்து திருநெல்வேலி வரை: காசநோய்ச் சிகிச்சையில் டிஜிட்டல் தொழில்நுட்பம்

மும்பை வாழ் தமிழ் நேயர்களுக்கு என் வணக்கம். நோயாளிகளின் பராமரிப்புக்கும் நீடித்த வளர்ச்சிக்கும் டிஜிட்டல் தொழில்நுட்பம் எந்த அளவுக்குத் துணைசெய்கிறது என்பதைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பு மிகவும் விரிந்தது. நெஞ்சக நோய் மருத்துவன் என்ற முறையில் நான் அதைக் காசநோய் என்ற ஒரே நோயோடும், பெரும்பாலும் இந்த நகரத்தோடும் நிறுத்திக்கொள்கிறேன்.

ஐக்கிய நாடுகள் அவை 2015ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளில் மூன்றாவது உடல்நலத்தைப் பற்றியது. 2030ஆம் ஆண்டுக்குள் முடிவுக்குக் கொண்டுவர வேண்டிய கொள்ளைநோய்களாக அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவற்றுள் காசநோயும் ஒன்று. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்கு இந்நோய் கண்டது. அவர்களில் நூற்றுக்கு 26 பேர் இந்தியாவில் வாழ்பவர்கள். நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் எத்தனை பேர் புதிதாக நோயுறுகிறார்கள் என்ற கணக்கு, 2015இல் 237 ஆக இருந்து 2023இல் 195 ஆகக் குறைந்திருக்கிறது. இது முன்னேற்றம்தான், ஆனால் 2030ஐ எட்டிப் பிடிக்கும் வேகம் இதில் இல்லை.

இத்தனைக்கும் சாதாரணக் காசநோயைக் குணப்படுத்தும் மருந்து நம்மிடம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆறு மாதங்கள் விடாமல் உட்கொண்டால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். அந்த 'விடாமல்' என்பதுதான் கடினம். இரண்டு மாதங்களில் இருமல் அடங்கி, காய்ச்சல் நின்று, பசி எடுக்கத் தொடங்கியதும், நோய் போய்விட்டது என்று உடம்பே ஒருவருக்குச் சொல்லிவிடுகிறது. நெஞ்சுக்குள் கிருமி மிச்சம் இருப்பது அவருக்குத் தெரிவதில்லை. பாதியில் நிறுத்திய சிகிச்சை நோயை மீண்டும் கிளப்பிவிடுவதோடு, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் உருவாகவும் வழிவகுக்கிறது. அத்தகைய கடுமையான காசநோய்க்கு மும்பை உலக அளவில் பெயர் பெற்றுவிட்டது என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மவர் வாழ்க்கையில் இந்தச் சிகிச்சை எங்கே முறிகிறது என்று பாருங்கள். தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் பாண்டுப்பிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு வீடு இங்கே என்றாலும் 'ஊர்' என்பது திருநெல்வேலிச் சீமையிலோ விழுப்புரம் பக்கத்திலோ இருக்கிறது. அம்மன் கோயில் கொடை, பொங்கல், தங்கை கல்யாணம், தகப்பனார் காரியம் என்று எதற்காகவாவது ரயில் ஏறியே தீர வேண்டும். உடம்பு மெலிந்து வேலைக்குப் போக முடியாதபோது, ஊரில் அம்மா கையால் சாப்பிட்டுத் தேறி வரலாம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. பத்து நாளில் திரும்புவதாகச் சொன்னவர் இரண்டு மாதம் தங்கிவிட, கொண்டுபோன மாத்திரை தீர்ந்துவிடுகிறது.

முன்பெல்லாம் இப்படிப் போகிறவர் கையில், சிகிச்சையை அந்த ஊருக்கு மாற்றுவதற்கான ஒரு படிவம் கொடுத்து அனுப்புவோம். அது சட்டைப் பையில் நனைந்து கிழியும். அல்லது இங்குள்ள ஊழியர் மராத்தியில் எழுதியதை அங்குள்ளவர் படிக்க முடியாமல் போகும். இங்கே பதிவேட்டில் அவர் 'சிகிச்சையைக் கைவிட்டவர்'. அங்கே யாருடைய பதிவேட்டிலும் அவர் இல்லை. 2012ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'நிக்‌ஷய்' என்ற தேசிய இணையப் பதிவேடு மாற்றியமைத்தது இந்த இடத்தைத்தான். நோய் உறுதியானதும் நோயாளிக்கு ஓர் அடையாள எண் தரப்படுகிறது. சளிப் பரிசோதனை முடிவு, எடைக்கேற்ற மாத்திரை அளவு, தொடங்கிய நாள், இதுவரை முடிந்த காலம் ஆகிய அனைத்தும் அந்த எண்ணின் கீழ் இருக்கும். தாராவி மையத்தின் ஊழியர் கணினியில் அவரைத் திருநெல்வேலி மாவட்டத்து மையம் ஒன்றுக்கு மாற்றி அனுப்பலாம். அந்த மையத்தார் ஏற்றுக்கொண்டதும், இங்கே மூன்று மாதம் முடித்தவருக்கு நான்காவது மாத மருந்து அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். மாநிலம் மாறினாலும் சிகிச்சை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஊட்டச்சத்துக்கென அரசு தரும் உதவித்தொகையும் இதே எண்ணைப் பின்தொடர்ந்துதான் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய அந்தத் தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுபவர்களும் இதற்கு உரியவர்கள்; அம்மருத்துவர் நோயை அரசுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவ்வாறு தெரிவிப்பது 2012 முதலே கட்டாயம்.

பகட்டான கருவிகளைப் பற்றியே பேச்சு நடக்கும் இந்நாளில், ஒரு சாதாரணப் பதிவேட்டைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மருத்துவத்தில் டிஜிட்டல் தொழில்நுட்பம் செய்யக்கூடிய முதல் நன்மை, நோயாளி எங்கே நகர்ந்தாலும் அவரைப் பற்றிய செய்தி அவரோடு நகரும்படி செய்வதே என்பது என் கருத்து. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மருந்தை நோயாளி உட்கொண்டாரா என்று கண்காணிக்கும் முயற்சிகளுக்கு வருவோம். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான '99டாட்ஸ்' என்ற முறையை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் உறை இருக்கும். மாத்திரையை அழுத்தி வெளியே எடுத்ததும் அதன் பின்னால் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்கு மணி அடித்தால் அன்றைய மருந்து உட்கொள்ளப்பட்டதாகப் பதிவாகிவிடும். அழைப்புக்குக் காசு இல்லை; விலை உயர்ந்த கைபேசியும் வேண்டாம். மருந்தை வாயில் போடுவதை ஊழியர் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்பதற்காக நோயாளி தம் கூலியை விட்டுவிட்டு மையத்துக்கு நடக்க வேண்டியிருந்த பழைய நிலையோடு ஒப்பிட்டால், இது மனிதத்தன்மை மிகுந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஆனால் இம்முறை எதிர்பார்த்த அளவுக்குத் துல்லியமாக அமையவில்லை. சென்னை, வேலூர், மும்பை ஆகிய நகரங்களில் எச்.ஐ.வி.யோடு காசநோயும் கொண்டவர்களிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அழைப்புப் பதிவுகளைச் சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்ற சோதனையோடு ஒப்பிட்டது. இரண்டும் பல நேரங்களில் ஒத்துப்போகவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு அழைக்க மறந்தவர்கள் உண்டு; விழுங்காமலே அழைத்தவர்களும் உண்டு. தாராவியின் ஒற்றை அறை வீட்டை அறிந்தவர்களுக்கு இதில் பெரிய புதிர் இல்லை. நான்கு பேருக்கு ஒரு கைபேசி. அது பகலெல்லாம் கணவரோடு வேலைக்குப் போய்விடுகிறது. மருமகளுக்கு நோய் இருப்பது மாமியாருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டில் 'இன்று மருந்து எடுத்தீர்களா' என்று வரும் ஒரு குறுஞ்செய்தி, அந்தப் பெண்ணின் வாழ்க்கையையே புரட்டிப் போடக்கூடும். 2023ஆம் ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது, நல்லது. ஆனால் எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில், எந்தச் சொற்களில் செய்தி அனுப்பலாம் என்று நோயாளியிடமே கேட்டுக்கொள்ளும் ஊழியர் தரும் பாதுகாப்பு, எந்தச் சட்டத்துக்கும் முன்னதாக வந்து சேருகிறது.

நோயைக் கண்டுபிடிப்பதில் நிலைமை இன்னும் நம்பிக்கை தருவதாக இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில் ஓர் உண்மை தெளிவாயிற்று: எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால், கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் தப்பிப் போயிருப்பார்கள். அதாவது இருமல் போன்ற அறிகுறியே இல்லாமல் நோயோடு நடமாடுபவர்கள் அத்தனை பேர். இன்று கையில் எடுத்துச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்டன. சந்துக்குள்ளேயே, சங்கக் கட்டடத்திலோ கோயில் மண்டபத்திலோ வைத்துப் படம் எடுக்க முடிகிறது. அந்தப் படத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் சில நொடிகளில் பார்த்து, இவருக்குச் சளிப் பரிசோதனை தேவை என்று பிரித்துக் காட்டுகிறது. பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்தது. இத்துறையில் முன்னணியில் உள்ள நிறுவனங்களில் ஒன்றான 'க்யூர்' நம் மும்பையைச் சேர்ந்தது. நோயை உறுதிசெய்ய, மின்கலத்தில் இயங்கும் 'ட்ரூநாட்' என்ற இந்தியக் கருவியும் இருக்கிறது; மரபணுச் சோதனை என்றாலே குளிரூட்டப்பட்ட பெரிய ஆய்வகம் வேண்டும் என்ற நிலை அதனால் மாறியிருக்கிறது. டிஜிட்டல் படத்துக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் அதைக் கழுவும் ரசாயனமும் தேவைப்படாதது சுற்றுச்சூழலுக்கு ஓர் உபரி லாபம். பழுதான கருவிகள் மின்னணுக் கழிவாகக் குவியாமல் பார்த்துக்கொண்டால் அந்த லாபம் நிலைக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு முயற்சியை இங்கே சொல்லியாக வேண்டும். காசநோயால் இறப்பவர்களில் கணிசமானோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். இதை மனத்தில் கொண்டு 2022ஆம் ஆண்டில் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' அங்கே தொடங்கப்பட்டது. நோய் கண்டறியப்பட்ட உடனேயே உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சின் வேகம் என்ன, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, நிலைமை மோசமானவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அந்த விவரங்கள் ஓர் இணையச் செயலியில் ஏறுவதால், சேர்க்க வேண்டியவர் சேர்க்கப்பட்டாரா என்பது மாவட்ட அதிகாரிக்கு அன்றாடம் தெரிகிறது. இத்திட்டத்தில் எனக்குப் பிடித்த செய்தி, கேள்விகள் முதலில் வந்து செயலி பின்னால் வந்ததுதான். ஒரு செவிலியர் எடைக்கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியும் கொண்டு விடை காணக்கூடிய கேள்விகள் அவை. செயலியை முதலில் வாங்கிவிட்டு அதற்கு வேலை தேடும் திட்டங்களை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம்.

திரையில் தெரியாத குறைகளும் இருக்கின்றன. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காசநோய் மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, மாநிலங்கள் உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுமாறு மைய அரசு எழுத நேர்ந்தது. அலமாரி காலியாக இருக்கும்போது, நோயாளி மருந்தை விட்டுவிட்டார் என்று கணினி சிவப்பில் காட்டுவதில் பொருளில்லை. மும்பையின் கோவண்டியிலும் அதை அடுத்த மான்குர்டிலும் மறுகுடியமர்த்தலுக்காகக் கட்டப்பட்ட நட்வர் பாரேக், லல்லுபாய் ஆகிய வளாகங்களில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு, வெயிலும் காற்றும் நுழையாதபடி கட்டடங்கள் நெருங்கி நிற்பதற்கும் அங்கே காசநோய் மிகுந்திருப்பதற்கும் தொடர்பு இருப்பதைச் சுட்டிக்காட்டியது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள்கள் கொடுத்தபோது அவர்களுக்கு நோய் தொற்றி வளர்வது பெருமளவு குறைந்தது. நீடித்த வளர்ச்சி என்ற பெயரில் ஐக்கிய நாடுகள் அவை பட்டினியையும் வீட்டையும் நகரத்தையும் உடல்நலத்தையும் ஒரே பட்டியலில் வைத்ததன் நியாயம் இங்கே விளங்குகிறது. தாராவியின் மறுவளர்ச்சிக்கு வரைபடம் போடுகிறவர்கள் கோவண்டியின் ஆய்வைத் தங்கள் மேசை மேல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

இறுதியாக, இந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகளில் எங்கேனும் ஒருவர் காசநோய்க்கு மருந்து உட்கொண்டுகொண்டிருந்தால் அவருக்குச் சில வார்த்தைகள். உங்கள் நிக்‌ஷய் எண்ணை மையத்தில் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவரிடம் பார்ப்பவரானால், உங்கள் பெயரைப் பதிவு செய்துவிட்டாரா என்று அவரிடம் தயங்காமல் கேளுங்கள். வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுத்தும் உதவித்தொகை வரவில்லையென்றால் மையத்தில் காரணத்தைக் கேளுங்கள். ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்ததும், பயண நாளுக்கு முன்பாகவே மையத்துக்குப் போய், எந்த ஊர், எந்த வட்டம், எத்தனை நாள் என்று சொல்லி, போய்ச் சேரும் வரைக்குமான மாத்திரையையும் சற்றுக் கூடுதலாகவே பெற்றுக்கொள்ளுங்கள். வழியில் ஐயம் வந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். ஊரில் இறங்கிய மறுநாளே, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் நிக்‌ஷய் எண்ணைக் காட்டிவிடுங்கள். வணக்கம்.