ஸ்விஃப்ட்டுக்கு முன் ஆக்சில வீட்டுலயே மாத்தலாமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஈரோட்டுல இருந்து ஒரு நண்பர் கேட்டிருக்காரு. 2014 ஸ்விஃப்ட் பெட்ரோல், ஸ்டியரிங்க ஃபுல்லா ஒடிச்சு திருப்பும்போது முன்னாடி டக்டக்டக்னு சத்தம் வருதாம், ஒர்க்‌ஷாப்ல ரெண்டு பக்க ஆக்சிலும், அதாவது கியர்பாக்ஸ்ல இருந்து வீல சுத்துற ஷாஃப்ட், மாத்தணும்னு சொல்லிட்டாங்களாம். நாமளே வீட்டுல மாத்த முடியுமா, ரெண்டும் மாத்தித்தான் ஆகணுமான்னு கேக்குறாரு.

முடியுங்க, தாராளமா முடியும். ஆனா ஸ்பேனர எடுக்குறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் போயிருக்குன்னு பாத்துருங்க. காலி கிரவுண்டுல ஃபர்ஸ்ட் கியர்ல மெதுவா, ஸ்டியரிங்க கடைசி வரைக்கும் ஒடிச்சு ஒரு வட்டம் போடுங்க, ரெண்டு பக்கமும். வலது பக்கம் திரும்பும்போது சத்தம் வந்தா பெரும்பாலும் இடது வீல் பக்கம் ஷாஃப்ட் வளையுற ஜாயின்ட்டா (சிவி ஜாயின்ட்) இருக்கும், இடது பக்கம் திரும்பும்போதுன்னா வலது. அப்புறம் வீலுக்குப் பின்னாடி அந்த ஜாயின்ட்ட மூடியிருக்குற ரப்பர் உறைய (பூட்) பாருங்க, கிழிஞ்சிருந்தா ரிம்மோட உள்பக்கமெல்லாம் கறுப்பா கிரீஸ் தெறிச்சு மண்ணோட சேந்து அப்பியிருக்கும். ஜாயின்ட்டுக்குள்ள இருக்குற ஆறு இரும்பு குண்டும் (பால்) தனித்தனி பள்ளத்துலதான் ஓடுது, பூட் கிழிஞ்சா கிரீஸ் வெளிய போயி தண்ணியும் மண்ணும் உள்ள போயி அந்தப் பள்ளத்த தின்னுரும், தேஞ்ச இடத்துல பால் தட்டுறதுதான் நீங்க கேக்குற சத்தம். ஒடிக்கும்போது இல்லாம நேரா போறப்ப ஆக்சிலரேட்டர மிதிச்சா வண்டி அதிருதுன்னா, அது பெரும்பாலும் கியர்பாக்ஸ் பக்கம் இருக்குற உள் ஜாயின்ட்.

ஷாஃப்ட் வாங்கும்போது இடது வலது சொல்லி வாங்குங்க, ஸ்விஃப்ட்ல கியர்பாக்ஸ் இடது பக்கம் இருக்கறதால இடது குட்டை வலது நீளம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் லாக் ஆகாம பாக்குற வசதி) இருக்கா இல்லையான்னும் சொல்லணும். சென்னைல இருக்குறவங்களுக்கு ஜி.பி. ரோட்ல புதுசு கிடைக்கும், புதுப்பேட்டைல பழசும் கிடைக்கும், நான் பழச வாங்க சொல்ல மாட்டேன், உள்ள எவ்ளோ தேஞ்சிருக்குன்னு வெளிய பாத்து முழுசா தெரியாது. கூடவே புது ஹப் நட்டு, கியர்பாக்ஸ் பக்க ஆயில் சீல், கியர் ஆயில், எல்லாம் வாங்கி வெச்சுட்டு ஆரம்பிங்க.

முதல் வேலை ஹப் நட்டு. வண்டி தரையில நிக்கும்போதே லூஸ் பண்ணிடணும். வீல் கப்ப எடுத்தா நடுவுல அந்த பெரிய நட்டு தெரியும், அதோட விளிம்ப ஷாஃப்ட் காடிக்குள்ள அடிச்சு மடக்கி வெச்சிருப்பாங்க. சின்ன உளி வெச்சு அந்த மடிப்ப முழுசா நிமித்துங்க, நிமித்தாம திருகுனா ஷாஃப்ட் மரையே போயிரும். ஒருத்தர பிரேக்க அழுத்தி மிதிக்க சொல்லிட்டு நீளமான பைப்ப ஸ்பேனர்ல சொருகி திருகுங்க. அப்புறம்தான் ஜாக்கி. தயவுசெஞ்சு ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க, ஸ்டாண்ட் குடுத்து, பின் வீலுக்கு கட்டை குடுத்து, வண்டிய ஆட்டிப் பாத்துட்டு போங்க. இந்த வேலையில கடப்பாரை மாதிரி போட்டு நெம்புவோம், வண்டி கண்டிப்பா ஆடும்.

வீல கழட்டிட்டு, வீல கீழ இருந்து பிடிச்சிருக்குற லோயர் ஆர்மோட பால் ஜாயின்ட் போல்ட்ட எடுத்துட்டு ஆர்ம கீழ அமுக்குனா, ஹப்ப தாங்குற நக்கிள் வெளிய சாயும், ஷாஃப்ட்டும் ஹப்ப விட்டு வந்துரும். வரலைன்னா நட்ட மரை நுனி வரைக்கும் திருப்பி போட்டுட்டு மேல கட்டை வெச்சு தட்டுங்க. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் இழுபடாம பாத்துக்கோங்க. உள்பக்கம் கழட்டுறதுக்கு முன்னாடி கியர் ஆயில வடிச்சுருங்க. லீவர கியர்பாக்ஸுக்கும் உள் ஜாயின்ட்டோட கப்புக்கும் நடுவுல குடுத்து ஒரு நெம்பு, உள்ள பிடிச்சிருக்குற கிளிப் விட்டு வெளிய வரும். ஷாஃப்ட்ட பிடிச்சு மட்டும் இழுக்காதீங்க, உள் ஜாயின்ட் பிரிஞ்சு கையோட வந்துரும்.

புதுசு போடறப்ப சீல மாத்திட்டு அதோட உதட்டுல கொஞ்சம் ஆயில் தடவி, ஷாஃப்ட் நுனில இருக்குற ஸ்ப்லைன் பல்லு அதுல உரசாம ரெண்டு கையாலயும் தாங்கி நேரா உள்ள விடணும். எத்தனையோ வண்டில ஆக்சில் மாத்துன அடுத்த வாரமே ஆயில் ஒழுகும், காரணம் இந்த ஒரு உரசல்தான். உள்ள டக்னு கிளிப் உக்காரும், கப்ப பிடிச்சு இழுத்துப் பாருங்க, வரக்கூடாது.

எல்லாம் மாட்டி வீல் போட்டு தரையில இறக்கிட்டு ஹப் நட்ட டார்க் ரெஞ்ச் (எவ்ளோ டைட்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) வெச்சு மேனுவல்ல உங்க மாடலுக்குப் போட்டிருக்குற அளவுக்கு டைட் பண்ணி, விளிம்ப காடிக்குள்ள மடக்கிருங்க. இறக்குறதுக்கு முன்னாடியே நட்டு ஓரளவுக்கு டைட்டா இருக்கணும், நட்டு இல்லாம வெயிட்ட இறக்குனாலோ வண்டிய உருட்டுனாலோ வீல் பேரிங் அடிவாங்கும். கியர் ஆயில் லெவல் பிளக் வாய் வரைக்கும் ஊத்துங்க, நிறைய பேரு இத மறந்துர்றாங்க.

ரெண்டு பக்கமும் மாத்தணுமான்னா, சத்தம் வர்ற பக்கம் மட்டும் போதும். அந்த இன்னொரு பக்கம் பூட் கிழிஞ்சிருக்கு ஆனா சத்தம் இன்னும் வரலைன்னா, கழட்டி பெட்ரோல்ல நல்லா கழுவி காயவெச்சு, புது பூட் கிட்டும் சிவி ஜாயின்ட் கிரீஸும் போட்டா அந்த ஷாஃப்டே இன்னும் நல்லா ஓடும். கழுவுறத வெளிய காத்தோட்டமா, நெருப்பு பக்கத்துல இல்லாம வெச்சுக்கோங்க. பூட்ல லேசா வெடிப்பு மட்டும்தான்னா மழைக்காலம் வர்றதுக்குள்ள மாத்திருங்க.